கூரையைப் பார்த்தே ஆண்டைச் சொல்லலாம்

மாடல் ரயில் லேஅவுட் (தண்டவாளமும் ஊருமாகச் சிறிய அளவில் கட்டிய காட்சி) எதைப் பார்க்கப் போனாலும் என் கண் முதலில் தேடுவது பர்கர் கடையைத்தான். எஞ்சினை வைத்து ஆண்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஒரு டீசல் எஞ்சின் இருபது முப்பது வருடம் ஓடும், நடுவில் பெயின்ட் மட்டும் மாறும். செங்கல் கிடங்கு நூறு வருடம் அப்படியே நிற்கும். அமெரிக்காவின் சாலையோரத் துரித உணவுக் கடைகள் அப்படி இல்லை. கூரை, போர்டு, ஜன்னல் என்று ஏதாவது ஒன்றை மாற்றிக்கொண்டே வந்தவை அவை. அதனால் ஒரு லேஅவுட்டில் நிற்கிற பர்கர் கடையின் கூரையைப் பார்த்தே அது எந்தக் காலத்து ஊர் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

மெக்டொனால்ட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வெள்ளை டைல்ஸ், கூரையைத் துளைத்துக்கொண்டு எழும் இரண்டு மஞ்சள் வளைவுகள் என்றால் 1953-க்குப் பிறகு. பழுப்பு நிற மேன்சார்ட் கூரை, அதாவது ஓரங்களில் செங்குத்தாகச் சரிந்து இறங்குகிற கூரை என்றால் 1960-களின் கடைசியும் அதற்குப் பிறகும். காரில் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டு போகிற ஜன்னல் அந்தக் கம்பெனிக்கு 1975-ல்தான் வந்தது, அரிசோனாவின் சியரா விஸ்டாவில், பக்கத்து ராணுவ முகாமின் வீரர்கள் சீருடையோடு காரைவிட்டு இறங்கக் கூடாது என்பதற்காக. ஆனால் அதை வைத்து 'டிரைவ் த்ரூ என்றாலே 75-க்குப் பிறகுதான்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது, இன்-என்-அவுட் 1948-லேயே பால்ட்வின் பார்க்கில் ஸ்பீக்கர் வைத்து ஆர்டர் வாங்க ஆரம்பித்துவிட்டது. பிட்சா ஹட்டின் அந்தச் சிவப்புத் தொப்பிக் கூரை 1969-லிருந்து. வெண்டீஸ் கடையே 1969-ல்தான், ஒஹாயோவின் கொலம்பஸில் ஆரம்பம். சரி, இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நீராவி எஞ்சின் புகைவிட்டு ஏறுகிற மலைப்பாதைக்குக் கீழே மேன்சார்ட் கூரை போட்ட கடை ஒன்று நின்றால், அந்த எஞ்சினுக்கு எத்தனை ரிவெட் வைத்திருந்தாலும் காட்சி கலைந்துவிடுகிறது. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் ஏதோ இடிக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

என் கராஜில் இருக்கிற லேஅவுட் 1959-ம் ஆண்டு சான் பெர்னார்டினோ. தெற்கு கலிஃபோர்னியாவில் குடியிருந்துகொண்டு வேறு எதைக் கட்டுவது? சாண்டா ஃபே ரயில்வேயின் பெரிய ஒர்க்‌ஷாப் இருந்த ஊர் அது, 1918-ல் கட்டிய ஸ்டேஷன் இன்னும் நிற்கிறது, அங்கிருந்து வடக்கே கஹோன் கணவாய் ஏற ஆரம்பித்தால் 2.2 சதவீத ஏற்றம், இறங்குகிற பழைய தடம் 3 சதவீதம். மாடல் ரயில்காரர்கள் பல பேருக்கு அது கோயில் மாதிரி. 1959 என்று ஆண்டைக் குறித்துக்கொண்டதற்கும் காரணம் இருக்கிறது. சாண்டா ஃபேயில் நீராவி 1957-ல் ஓய்ந்துவிட்டது, அதனால் வார்போனெட் என்கிற சிவப்பும் வெள்ளியுமான பெயின்ட் அடித்த எஃப்7 டீசல் எஞ்சின்களை நிம்மதியாக ஓட்டலாம், 1958-லிருந்து சூப்பர் சீஃப், எல் கபிடான் என்ற இரண்டு பயணி ரயில்களும் ஒரே ரயிலாகச் சேர்ந்து ஓடிய காலம் என்பதால் எல் கபிடானின் இரண்டடுக்குப் பெட்டிகளையும் சூப்பர் சீஃபின் தூங்கும் பெட்டிகளையும் ஒரே ரேக்கில் கோத்துவிடலாம்.

ஆனால் அந்த ஊரின் இன்னொரு கதைதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. மெக்டொனால்டு சகோதரர்கள், டிக்கும் மாக்கும், 1940-ல் கடை போட்டது இதே சான் பெர்னார்டினோவில்தான், 14-வது தெருவும் ஈ தெருவும் சந்திக்கிற முனையில். முதலில் அது கார் வரைக்கும் பெண்கள் தட்டு கொண்டுவந்து கொடுக்கிற பார்பெக்யூ கடை. 1948-ல் கொஞ்ச நாள் இழுத்து மூடி, கார் பக்கம் வரும் பணிப்பெண்களை நிறுத்தி, மெனுவை நறுக்கி, 15 சென்ட் பர்கர் என்று மறுபடி திறந்தார்கள். ஸ்பீடி சர்வீஸ் சிஸ்டம் என்று அதற்குப் பெயர். அதாவது ஒரே ஊரில் ஒரு பக்கம் சரக்கு ரயிலைப் பிரித்துக் கோக்கிற யார்டு, இன்னொரு பக்கம் சமையலறையையே ஒரு அசெம்பிளி லைனாக மாற்றிய கடை. ரயில் லேஅவுட்டில் பர்கர் கடையை வெறும் அலங்காரம் என்று நினைக்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன், இந்த ஊரைப் பொறுத்தவரை எஞ்சின்களை நிறுத்திவைக்கிற ரவுண்டுஹவுஸ் எவ்வளவு முக்கியமோ அந்தக் கடையும் அவ்வளவு முக்கியம்.

சகோதரர்களின் முதல் கடை எட்டுமூலைக் கட்டடம், அது இப்போது இல்லை, அந்த இடத்தில் தனியார் ஒருவர் ஏற்படுத்திய காட்சியகம் இருக்கிறது. நிற்கிற கட்டடத்தைத்தானே அளந்து கட்ட முடியும்? அதனால் நான் மாதிரியாக எடுத்துக்கொண்டது டவுனியில், லேக்வுட் புலவாரில் இருக்கிற கடை. 1953 ஆகஸ்ட் 18-ல் திறந்தது. இன்று நிற்கிற மெக்டொனால்ட்ஸ் கடைகளில் மிகப் பழையது அதுதான். ஃபீனிக்ஸில் அதே ஆண்டு மே மாதம் வளைவுகளோடு ஒரு கடை வந்துவிட்டது, அது பிழைக்கவில்லை. டவுனி பிழைத்ததற்கு ஒரு காரணம் உண்டு, அதன் உரிமத்தைச் சகோதரர்கள் நேரடியாகக் கொடுத்திருந்தார்கள், மெக்டொனால்ட்ஸை நாடு முழுக்கப் பரப்பிய ரே க்ராக் 1955-ல் ஆரம்பித்த கம்பெனியின் ஒப்பந்தத்துக்குள் அது வரவில்லை, அதனால் மற்ற கடைகளை எல்லாம் இடித்துப் புதுசாக்கியபோது இதை யாரும் தொட முடியவில்லை. 1994-ல் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு மூடிக் கிடந்தது, இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்து, வரலாற்றுச் சின்னங்களைக் காக்கிற தேசிய அறக்கட்டளை அதை ஆபத்தில் இருக்கும் இடங்களின் பட்டியலில் சேர்த்து, ஊர்க்காரர்கள் சத்தம் போட்டு, 1996-ல் பழுதுபார்த்துத் திறந்தார்கள். அங்கே போனால் கட்டடத்தைச் சுற்றி நடக்கலாம், நாலு பக்கமும் படம் எடுக்கலாம். நான் உயரம் தெரிந்த நண்பர் ஒருவரைச் சுவர் ஓரம் நிற்கவைத்து எடுத்தேன், ஆறடி மனிதர் படத்தில் இருந்தால் மற்ற எல்லா அளவையும் அவரை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம்.

கணக்கு சுலபம்தான். எச்ஓ ஸ்கேல் என்பது 87-ல் ஒன்று, ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர். ஆறடி மனிதர் 21 மி.மீ. ஏழடி உயரக் கதவு 24.5 மி.மீ. வளைவுகள் ஏறக்குறைய 25 அடி, அதாவது 87.5 மி.மீ. இதுவரை எல்லாம் எதிர்பார்த்தபடிதான். அப்புறம் 1959-ல் அங்கே நட்ட சாலையோர நியான் போர்டை அளந்து பாருங்கள், ஸ்பீடி என்கிற அந்தச் சின்ன சமையல்காரர் உச்சியில் ஓடுகிற போர்டு, அது 60 அடி. எச்ஓ-வில் 210 மி.மீ. ஒரு எஃப்7 எஞ்சின் முழு நீளமே 177 மி.மீ தான்! எஞ்சினை நிமிர்த்தி நிற்கவைத்தாலும் போர்டுதான் உயரம். கடைக்காரர்கள் கட்டடத்தைச் சின்னதாகவும் போர்டை வானத்துக்கும் கட்டியதன் அர்த்தம் வேலைமேஜையில் ஸ்கேல் வைத்து அளக்கும்போது புரிகிற மாதிரி எந்தப் புத்தகத்திலும் புரியவில்லை. காரில் நாற்பது மைல் வேகத்தில் வருகிறவனுக்குத் தூரத்திலிருந்தே தெரியவேண்டும், அவ்வளவுதான். அதனால் இந்தக் கடையைக் கட்ட நினைக்கிறவர்களுக்கு என் முதல் யோசனை, போர்டை முதலில் அட்டையில் வெட்டி லேஅவுட்டில் நிறுத்திப் பாருங்கள். பின்னணி மலை ஓவியத்தை அது மறைக்கிறதா, ரயிலைப் பார்க்கிற பார்வைக்குக் குறுக்கே வருகிறதா என்று தெரிந்துகொண்டு பிறகு கட்டடத்துக்கு இடம் குறியுங்கள்.

இனி வளைவுகள். இந்தக் கட்டடத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. டிக் மெக்டொனால்டு முதலில் வரைந்தது இரண்டு அரைவட்டம் போன்ற வளைவுகள், கட்டடக் கலைஞர் ஸ்டான்லி மெஸ்டன் அதைக் கூர்மையாக்கிப் பரவளையமாக மாற்றினார், ஜார்ஜ் டெக்ஸ்டர் என்கிற போர்டு தயாரிப்பாளர் தகட்டில் செய்து நியான் போட்டுக் கொடுத்தார். ஆகவே மாடலில் அரைவட்டம் வெட்டினால் அது வேறு ஏதோ கடை ஆகிவிடும். பள்ளியில் படித்த பரவளையத்தை இங்கே தூசி தட்டி எடுக்கலாம்: உச்சியிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அதன் வர்க்கத்துக்கு ஏற்றபடி கீழே இறங்கும். நடுவுக்கும் காலுக்கும் இடையே பாதி தூரத்தில் இறக்கம் மொத்த உயரத்தில் கால்பங்கு மட்டும்தான், அதாவது 87.5-ல் சுமார் 22 மி.மீ. முக்கால் தூரத்தில் 49 மி.மீ. இந்த மூன்று நான்கு புள்ளிகளைக் கிராஃப் தாளில் குறித்து, வளையக்கூடிய ஸ்கேல் ஒன்றை வைத்துக் கோடு இழுத்தால் போதும், உருவம் வந்துவிடும்.

செய்கிற விதம் இரண்டு. ஒன்று, அரை மில்லிமீட்டர் ஸ்டைரீன் என்கிற பிளாஸ்டிக் தகட்டில் முன்முகம், பின்முகம் என்று ஒரே அச்சில் இரண்டு வெட்டி, நடுவில் பட்டை கொடுத்துப் பெட்டி மாதிரி ஒட்டுவது. இன்னொன்று எனக்குப் பிடித்தது: வரைந்த தாளை மரப்பலகையில் ஒட்டி, கோட்டின் மேல் சின்ன ஆணிகளை வரிசையாக அடித்து, அதை ஒட்டி 0.25 மி.மீ ஸ்டைரீன் பட்டையை வளைத்து, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று கரைப்பான் பசை தொட்டுத் தொட்டு அடுக்கிக்கொண்டே போவது. ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட்டால் காலையில் ஆணியிலிருந்து எடுத்த பிறகும் வளைவு நிமிராது. ஒற்றைத் தடிமனான பட்டையைச் சூடுகாட்டி வளைத்தால் உச்சியில் சப்பையாகும், காலில் நேராகிவிடும், அடுக்கி ஒட்டியதில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு வளைவையும் ஒரே ஆணிப்பலகையில் செய்வது முக்கியம், ஏனென்றால் பக்கவாட்டில் ஒரு கோணத்திலிருந்து பார்க்கும்போதுதான் இரண்டும் சேர்ந்து எம் என்று தெரியவேண்டும், அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் அந்த எம் நொண்டும்.

வளைவு ரெடியானதும் அதைக் கூரைக்குள் எப்படி நுழைப்பது என்ற கேள்வி வருகிறது. வளைவுகள் கட்டடத்தின் இரண்டு பக்கத்திலும் கூரை நீட்சியைத் துளைத்துக்கொண்டு போகின்றன. கால்கள் கீழே போகப் போக விரிகிறவை. கூரையில் சரியான அளவுக்குத் துளை போட்டு மேலிருந்து இறக்கலாம் என்று பார்த்தால், தரைமட்டத்தில் அகலமாக இருக்கிற கால்கள் கூரைமட்டத்துத் துளைக்குள் போகாது. கீழிருந்து ஏற்றினாலும் உச்சி ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் போகாது. துளையைப் பெரிதாக்கினால் சுற்றி இடைவெளி தெரியும், உள்ளே விளக்குப் போட்டால் அந்த இடைவெளி வழியாக வெளிச்சம் கசியும். நான் செய்கிறது இப்படி: துளைக்குப் பதிலாகக் கூரை விளிம்பிலிருந்து உள்ளே ஒரு வெட்டு கொடுத்து, வளைவைப் பக்கவாட்டில் நகர்த்திப் பொருத்தி, விளிம்பில் ஓடுகிற பட்டையை அதன் பிறகு ஒட்டி வெட்டுகளை மூடிவிடுவது. நிஜக் கட்டடத்திலும் கூரை விளிம்பில் ஒரு பட்டை ஓடுவதால் ஒட்டுப்போட்டது தெரியாது. அந்தப் பட்டையை மட்டும் பிறகு எடுக்கக்கூடிய பசையால் ஒட்டினால், விளக்கு ஒன்று போனாலும் கூரையைக் கழற்றி மாற்றலாம். கூரை முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்கிறது, அதனால் பக்கச் சுவர்கள் செவ்வகம் இல்லை, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று டேப் போட்டு ஒட்டி ஒரே வெட்டில் வெட்டிக்கொள்ளுங்கள்.

டைல்ஸ் விஷயத்தில் நான் ஒவ்வொரு டைலையும் கீறிக் காட்டுகிற கட்சி இல்லை. மூன்றடி தள்ளி நின்று பார்க்கிறவருக்குக் கண்ணில் படுவது சிவப்பு வெள்ளைப் பட்டையும் அதன் பளபளப்பும்தான், இடைக்கோடுகள் இல்லை. கீறினால் கோடுகள் ஸ்கேலுக்குத் தடிமனாகி, பளிங்கு மாதிரி இருக்கவேண்டிய சுவர் செங்கல் சுவர் மாதிரி ஆகிவிடுகிறது. வெள்ளை முதலில், முழுக்க. மாஸ்கிங் டேப் ஒட்டியதும் நேரே சிவப்பை அடிக்காமல் டேப்பின் ஓரத்தில் மறுபடி ஒரு மெல்லிய வெள்ளை அடிக்கவேண்டும். டேப்புக்கு அடியில் கசிய வேண்டியது அந்த வெள்ளையாகவே கசிந்து ஓரத்தை அடைத்துவிடும், அதற்கு மேல் சிவப்பு அடித்து டேப்பை உரித்தால் கத்தியால் வெட்டினமாதிரி கோடு நிற்கும். கடைசியில் பளபளப்பு வார்னிஷ். லேஅவுட்டில் மற்ற எல்லாக் கட்டடத்துக்கும் தூசி, துரு, மழைக்கறை என்று அழுக்கேற்றுவோம், இந்தக் கடைக்கு அதைச் செய்யாதீர்கள். அந்தக் கடைகளின் பெருமையே சுத்தம்தான், டைல்ஸ் போட்டதே கழுவுவதற்காக. சுற்றியுள்ள யார்டு எல்லாம் கரியும் எண்ணெயுமாக இருக்க, இது ஒன்று மட்டும் பளிச்சென்று நிற்பதுதான் 1959-ன் முகம்.

கண்ணாடி பற்றி ஒரு வார்த்தை. முன்பக்கம் முழுக்கச் சாய்ந்த கண்ணாடி, மாடல் கடைகளில் கிடைக்கிற அசிடேட் தாள் கீறல் விழுந்து, லேசாக வளைந்து, பிரதிபலிப்பைக் கோணலாக்கிவிடும். மைக்ரோஸ்கோப்புக்கு வைக்கிற கவர் ஸ்லிப் நிஜக் கண்ணாடி, 0.15 மி.மீ அளவில்தான் தடிமன். வைரமுனைப் பேனாவால் கீறி உடைத்தெடுக்கவேண்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான். ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூ கூடாது, ஆவி படிந்து வெள்ளையடித்துவிடும், மாடல் விமானங்களுக்குப் போடுகிற கேனபி க்ளூ போதும். சாய்வு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க ஒரு மரத்துண்டை அந்தக் கோணத்தில் அறுத்து முட்டுக் கொடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே டியூப் லைட் வெளிச்சம், அதனால் குளிர்வெள்ளை எல்இடி. இதே லேஅவுட்டில் வீடுகளுக்கும் ஸ்டேஷனுக்கும் மஞ்சள் கலந்த வெள்ளை போட்டிருப்பதால் அறை விளக்கை அணைத்ததும் இந்தக் கடை தனியாகத் துள்ளிக்கொண்டு தெரியும், அப்படித்தான் தெரியவும் வேண்டும். 12 வோல்ட் லைனிலிருந்து ஒரு எல்இடிக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் 9 மில்லி ஆம்பியர் வாக்கில் ஓடும், சின்னக் கடைக்கு அதுவே அதிகம், 2.2 கிலோ ஓம் இன்னும் இயல்பாக இருக்கும். ஸ்டைரீன் வெளிச்சத்தை உள்ளே விடும் என்பதை மறக்கக் கூடாது, சுவரின் உள்பக்கம் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை. வளைவின் நியானுக்கு இப்போது நல்ல வழி வந்திருக்கிறது. வளையக்கூடிய எல்இடி இழை, ஒரு மில்லிமீட்டர் வாக்கில் தடிமன், 3 வோல்ட்டில் எரிவது, ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கிறது. அதை வளைவின் ஓரத்தில் ஒட்டி மங்கலாக எரியவிட்டால், புள்ளி புள்ளியாக இல்லாமல் ஒரே கோடாக ஒளி ஓடும். அதற்கு முன்னால் பயன்படுத்திவந்த ஒளிக்கம்பிகள் எச்ஓ-வுக்கு ரொம்பத் தடிமன்.

கடைக்குள் சாமான் வைத்துக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, உள்ளே உட்கார்ந்து சாப்பிட இடமே இல்லையே?"

இல்லை. அதுதான் இந்தக் கடையைக் கட்டும்போது பலர் தவறவிடுகிற விஷயம். உள்ளே மேஜை நாற்காலி கிடையாது, முழுக்கச் சமையலறை, முன் ஜன்னலில் நின்று வாங்கிக்கொண்டு காருக்குத் திரும்பிப்போய்ச் சாப்பிடவேண்டும். ஜன்னல் முன்னால் வரிசை நிற்கவேண்டும். ரோலர் ஸ்கேட் மாட்டிக்கொண்டு தட்டு ஏந்தி வரும் பெண் பொம்மை மாடல் கடைகளில் கிடைக்கிறது, அழகாகவும் இருக்கிறது, ஆனால் அவளை இந்தக் கடை வாசலில் நிறுத்தினால் 1948-ல் சகோதரர்கள் செய்த காரியத்தையே இல்லாமல் செய்துவிடுகிறோம். அவளை ஊரின் வேறொரு டிரைவ்-இன்னில் நிறுத்துங்கள், அங்கே அவளுக்கு வேலை இருக்கிறது. இங்கே உள்ளே நிற்கிறவர்கள் வெள்ளைச் சட்டையும் காகிதத் தொப்பியும் போட்ட பையன்கள், அந்தக் காலத்தில் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. பொம்மைகளின் தொப்பிக்கு சிகரெட் தாளை மடித்து ஒட்டினால் பெயின்ட் அடித்ததைவிட நன்றாக வருகிறது. ஜூக்பாக்ஸ், டெலிஃபோன் பூத் எதுவும் வேண்டாம், கூட்டம் கூடி நிற்கக் கூடாது என்பது ரே க்ராக் கடைகளின் கொள்கை.

கட்டடம் முடிந்தது என்றால் வேலை பாதிகூட முடியவில்லை, ஏனென்றால் இந்தக் கடையில் பெரியது பார்க்கிங்தான். ஒரு காருக்கு ஒன்பது அடிக்குப் பதினெட்டு அடி என்று வைத்தால் எச்ஓ-வில் 31.5-க்கு 63 மி.மீ. நூறடிக்கு நூற்றைம்பது அடி மனை என்றால் 350-க்கு 525 மி.மீ, லேஅவுட்டில் ஒரு யார்டு தடத்தையே தியாகம் பண்ணவேண்டிய இடம். எல்லாவற்றையும் அதே அளவில் வைக்க முடியாது, ஸ்டேஷனுக்கும் கடைக்கும் நடுவே ஒரு மைல் என்றாலே எச்ஓ-வில் 18 மீட்டர் போய்விடும், கராஜைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போகவேண்டியதுதான். எங்கே சுருக்குவது என்பதில்தான் விஷயம். நான் மனையின் பின்பக்கத்தைச் சுருக்கினேன், சாலையை ஒட்டிய முன்பக்கத்தைத் தொடவில்லை. கட்டடத்தைச் சுற்றிக் கார் வளைய முடியாதபடி நெருக்கிவிட்டால் கடை ஒரு டவுன் தெருவில் மாட்டிக்கொண்டமாதிரி ஆகிவிடும், சுற்றிலும் காலி இடம் இருந்தால்தான் அது நெடுஞ்சாலைக் கடை.

தாரைக் கறுப்பாக அடிக்காதீர்கள். தெற்கு கலிஃபோர்னியா வெயிலில் இரண்டு வருடம் கிடந்த தார் வெளிறிய சாம்பல், மதியம் பார்த்தால் கிட்டத்தட்ட எலும்பு நிறம். நான் 600 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, சாம்பல் இரண்டு மூன்று வகை கலந்து அடித்து, கோட்டுக்கு வெள்ளை பென்சிலும் பெயின்டும் கலந்து போடுகிறேன், நான்கு அங்குலக் கோடு என்றால் 1.2 மி.மீ. கோடு புதுசாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு கார் இடத்தின் முன்பகுதியிலும், எஞ்சின் நிற்கும் இடத்துக்குக் கீழே, எண்ணெய் சொட்டிய கறை ஒன்று வேண்டும், ஜன்னலுக்குப் பக்கத்து இடங்களில் அதிகமாகவும் தூரத்து இடங்களில் குறைவாகவும், ஏனென்றால் யாரும் தூரத்தில் நிறுத்துவதில்லை. நிறுத்துகிற கார்களும் ஆண்டைச் சொல்லவேண்டும். எல்லாமே 1959 வால்துடுப்பு வைத்த காடிலாக் என்றால் அது கார் ஷோரூம். ஐந்தாறு வருடப் பழைய கார்கள்தான் அதிகம் வேண்டும், 1949 ஃபோர்டு ஒன்று, பிக்கப் ஒன்று, 1957 செவர்லே ஒன்று, அந்தக் காடிலாக் ஒன்றே ஒன்று. அது மட்டும் 66 மி.மீ நீளம், போட்ட கோட்டைத் தாண்டி வால் நீட்டிக்கொண்டிருக்கும்.

எல்லோரும் முகப்பைக் கட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள், எனக்கு மிகவும் பிடித்தது பின்பக்கம். ரயில் லேஅவுட்டில் பயணிகள் பார்க்கிறதும் பின்பக்கத்தைத்தானே, தண்டவாளம் எப்போதும் ஊரின் முதுகுப் பக்கமாகத்தான் போகிறது. அந்த நாளில் ஃபிரெஞ்சு ஃபிரைஸ் உறையவைத்த பொட்டலத்தில் வரவில்லை, அது 60-களின் நடுவிலிருந்துதான். மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு வந்து, கடையிலேயே தோலுரித்து நறுக்கினார்கள். சான் பெர்னார்டினோவில் சகோதரர்கள் கிழங்கைப் பின்னால் கம்பிவலை அடித்த தொட்டிகளில் கொட்டி, பாலைவனக் காற்றில் உலரவிட்டார்கள், அந்த ருசிக்கு அதுதான் காரணம் என்று பிறகுதான் க்ராக் ஆட்களுக்குத் தெரியவந்தது. அதனால் என் டவுனி கட்டடத்தின் பின்னால் அந்தச் சான் பெர்னார்டினோ தொட்டியை வைத்தேன். பித்தளை வலை, ஸ்டைரீன் சட்டம், உள்ளே கிழங்குக்குக் கடுகைவிடச் சிறிய மணலைச் சலித்துப் பழுப்படித்தது. இப்போது அந்தக் கடைக்கு ரயிலோடு ஒரு தொடர்பும் வந்துவிட்டது. ஐடஹோ உருளைக்கிழங்கு குளிர்பதனப் பெட்டியில் வந்து யார்டில் இறங்குகிறது, அங்கிருந்து மொத்த வியாபாரியின் கிடங்கு, அங்கிருந்து சின்ன லாரியில் இந்தப் பின்வாசல். லேஅவுட்டை இயக்குகிற நாளில் எங்கள் சரக்குச் சீட்டில் 'உருளைக்கிழங்கு, 1 பெட்டி' என்று எழுதும்போது அது எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

ரெடிமேட் கிட் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக, உங்கள் ஆண்டுக்குப் பொருந்தினால். லைஃப்-லைக் கம்பெனி முன்பு எச்ஓ-வில் மெக்டொனால்ட்ஸும் கென்டக்கி ஃபிரைடு சிக்கனும் விட்டிருந்தது, பழைய சாமான் சந்தைகளில் இன்றும் கிடைக்கும், 70, 80-களைக் கட்டுகிறவர்களுக்கு நல்ல ஆரம்பம், மஞ்சள் பிளாஸ்டிக்கின் பொம்மைப் பளபளப்பை மட்டும் மங்கலான வார்னிஷால் அடக்கிவிடவேண்டும். ஜெர்மனியின் வோல்மர் விட்ட மெக்டொனால்ட்ஸும் பர்கர் கிங்கும் இன்றைய காலத்துக் கட்டடங்கள், நேர்த்தியானவை. சிவப்பு வெள்ளை டைல்ஸ் காலத்துக்குத்தான் கையால் கட்டவேண்டியிருக்கிறது. போர்டு எழுத்துக்களுக்கு வீட்டு பிரின்டரில் டெக்கால் (நனைத்து ஒட்டுகிற மெல்லிய படத்தாள்) அடிக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், அந்த மெஷினால் வெள்ளை அடிக்க முடியாது, சிவப்பின் மேல் மஞ்சள் டெக்கால் ஒட்டினால் மஞ்சள் காணாமல் போய்விடும். வெள்ளைப் பின்னணியுள்ள டெக்கால் தாளில் சிவப்பையும் சேர்த்தே பிரின்ட் எடுத்து, ஓரத்தைப் பெயின்டால் தொட்டுவிடுங்கள்.

அடுத்து மவுண்ட் வெர்னான் அவென்யூ பக்கம் போகப் போகிறேன், யார்டுக்கு மேலே பாலம் கடக்கிற தெரு அது. 1937-லிருந்து அங்கே மிட்லா கஃபே இருக்கிறது, மெக்சிகன் சாப்பாட்டுக் கடை. அதற்கு எதிரே ஹாட் டாக் கடை வைத்திருந்த கிளென் பெல் அவர்களுடைய டாக்கோவைச் சாப்பிட்டுப் பார்த்து, செய்முறையைத் தெரிந்துகொண்டு, 50-களின் ஆரம்பத்தில் தன் கடையிலும் விற்க ஆரம்பித்தார். டாக்கோ பெல் என்ற பெயரில் முதல் கடை 1962-ல், அதுவும் டவுனியில், 400 சதுர அடிதான், எச்ஓ-வில் உள்ளங்கையில் அடங்கும், ஆனால் என் லேஅவுட்டுக்கு அது மூன்று வருடம் தாமதம், வைக்க மாட்டேன். மிட்லா 1959-லும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதன் முகப்பின் பழைய படங்கள் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். பக்கச் சுவரும் பின்பக்கமும் 50-களில் எப்படி இருந்தது என்று தெரிகிற படம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், சுவர்களை வெட்டுவதற்கு முன்னால் பார்த்துவிடவேண்டும்.